வாய்விட்டுப் படிக்காத வரிகள்

“அடைப்புக்குறிக்குள்ளயா?” என்றான் சந்தியாகு.

சிஸ்டர் ஜெசிந்தா தாளின் மேல் அளவுகோலை நகர்த்தி, இன்னொரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்தார்.

“நாலு வருஷம் உக்காந்து வரைஞ்ச எழுத்து, சிஸ்டர்.”

“ஆமா.”

“ஜெபத்துக்குன்னு வரைஞ்சேன். நீங்க அதை ‘எல்லாரும் எழுந்து நிற்கவும்’ங்கிற எடத்துல போட்டிருக்கீங்க.”

“‘அமரவும்’ங்கிற இடத்துலயும் போட்டிருக்கேன். நாலாம் பக்கம் பாருங்க.”

அவன் நாலாம் பக்கத்தைப் பார்க்கவில்லை.

*

மடத்து அச்சகத்தில் அப்போது ஒரு கையேடு தயாராகிக்கொண்டிருந்தது. அடக்கச் சடங்குக்கான ஜெபங்கள். நாற்பத்தெட்டுப் பக்கம்.

சாமியார் வர முடியாத நாட்களில் அந்தக் கடற்கரை ஊர்களில் இறந்தவர்களை அடக்கம் செய்து வைப்பவர் உபதேசியார். புத்தகம் அவர் கைக்கு. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வந்தாக வேண்டும்.

சந்தியாகுவுக்கு ஐம்பத்தொரு வயது. முப்பது வருடம் படகுகளில் பெயர் எழுதியவன். எனாமல் பெயிண்டில் தடித்த எழுத்து. படகு திரும்பி வரும்போது, முகம் தெரிவதற்கு முன்னால் பெயர் தெரிந்துவிடும்.

நாற்பத்தேழாவது வயதில் மடத்துக்கு வந்து, கம்ப்யூட்டரில் எழுத்து வரையக் கற்றுத் தர முடியுமா என்று கேட்டான்.

சிஸ்டர் அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்.

“உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே அண்ணாச்சி. எதுக்கு?”

“அது தூரத்துல நின்னு பாக்குறதுக்கு. கைக்குள்ள வச்சுப் பாக்குற எழுத்து ஒண்ணு எழுதணும்.”

சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றைக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

*

முதல் வருடம் அவன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். நேர் எழுத்து முழுவதையும் திரையில் பிடித்து வலப்பக்கம் தள்ளினான். எல்லா எழுத்தும் ஒரே நிமிடத்தில் சாய்ந்தன.

கொண்டுபோய்க் காட்டினான்.

சிஸ்டர் சுவரில் சாத்தி வைத்திருந்த ஏணியைக் காட்டினார். பிறகு சன்னலுக்கு வெளியே, கடல்காற்றில் சாய்ந்தே வளர்ந்து நின்ற தென்னையைக் காட்டினார்.

அவன் வீட்டுக்குப் போய், பட்டை முனைப் பேனா ஒன்றை மையில் தோய்த்து, அ-விலிருந்து ஆரம்பித்தான்.

மூன்று வருடத்தில் எழுத்து வந்தது. எட்டுப் பாகை சாய்வு. பேனா இறங்கும் இடத்தில் கொஞ்சம் சதை. ஏறும் இடத்தில் மயிரிழை. சுழிகள் மூடவில்லை, மூடப் போகும் நேரத்தில் நின்றன. அடுத்த எழுத்தைத் தொடாமல், தொடப் போவதுபோல் ஒவ்வொன்றும் முடிந்தது.

நீவாடு என்று பெயர் வைத்தான். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு அந்தக் கரையில் அதுதான் பெயர்.

கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் கேட்டார். கொடுக்கவில்லை. ஊதுபத்திக் கம்பெனி ஒன்று ஆள் அனுப்பியது. கொடுக்கவில்லை. ஜவுளிக் கடைப் பைக்குக் கேட்டபோது அவனுக்குக் கோபம் வந்தது.

“ஜெபத்துக்கு வச்சிருக்கேன்” என்றான் எல்லோரிடமும்.

*

“ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவீங்கல்ல?” என்றார் சிஸ்டர்.

“போவேன்.”

சிஸ்டர் முதலுதவிப் பெட்டியைத் திறந்து கொஞ்சம் பஞ்சு பிய்த்தார்.

“இதை ரெண்டு காதுலயும் வச்சுக்கிட்டுப் போங்க.”

“சாமி பிரசங்கம் அவ்வளவு மோசமில்ல, சிஸ்டர்.”

“வச்சுக்கிட்டுப் போங்க.”

போனான். திங்கட்கிழமை காலை பஞ்சோடு வந்தான்.

“என்ன கேட்டீங்க?”

“பஞ்ச வச்சா எப்படிக் கேக்கும்?”

“என்ன பார்த்தீங்க?”

“எந்திரிச்சாங்க. முழங்கால் போட்டாங்க. உக்காந்தாங்க. மறுபடியும் எந்திரிச்சாங்க.”

“யார் சொல்லி?”



“யாரும் சொல்லல. பழக்கம். முன்னால இருக்கவன் எந்திரிச்சா நாமளும் எந்திரிப்போம். அவன் தூங்கிட்டா பின்னால பாதிச் சனம் உக்காந்துதான் கெடக்கும். புத்தகத்தைப் பாத்து எவனும் எந்திரிக்கல.”

சிஸ்டர் சிரித்துவிட்டார்.

“நான் நினைச்சது வேற.”

“அப்ப ஜெபத்துக்குப் போடுங்க.”

“இல்லை.”

“ஏன்னு சொல்லக் கூடாதா?”

சிஸ்டர் பஞ்சை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

சந்தியாகு எழுந்தான்.

“அப்பிடின்னா என் எழுத்து இந்தப் புத்தகத்துல வேண்டாம்.”

“உங்க எழுத்து. நீங்கதான் சொல்லணும்” என்றார் சிஸ்டர். “வெள்ளிக்கிழமை அச்சுக்குப் பிளேட் எடுக்கணும். அதுக்குள்ள முடிவாச் சொல்லிடுங்க.”

*

மனைவி ரொசாரி மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“என்ன சொல்லுதாங்க?”

“அடைப்புக்குறிக்குள்ள போடுதாங்களாம். நில்லு, உக்காருன்னு சொல்லுற எடத்துல.”

“அத யாரு வாசிப்பா?”

“ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. உபதேசியாரு கண்ணால பாத்துட்டுப் போயிருவாரு.”

“நல்லதாப் போச்சு. தப்பா வாசிக்கவும் முடியாதுல்லா.”



அன்று மத்தியானம் அவன் கையேட்டின் முதல் எட்டுப் பக்கங்களைத் தன் எழுத்திலேயே அச்சுக் கோத்தான். ஜெபம், பதில், குறிப்பு, எல்லாம். அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டான். அவ்வளவு மெல்லிய எழுத்துக்கு நடுவே அவை கொக்கிபோலத் துருத்திக்கொண்டிருந்தன.

அச்சாகி வந்த தாளை ரொசாரி எட்டிப் பார்த்தாள்.

“மழை பேயுத மாதிரி இருக்கு” என்றாள்.

அவனுக்கு அது போதும் என்று தோன்றியது.

*

தொம்மை உபதேசியார் வீட்டு வாசலில் குடையின் உடைந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். முப்பத்தைந்து வருடமாக அந்த ஊரில் அவர் ஜெபம் சொல்லாத அடக்கம் குறைவு.

தாளை வாங்கிக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பாட்டுப் புத்தகமா?”

“அடக்கத்துக்கு. புதுக் கையேடு. வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணாச்சி. உங்களுக்கு வாகா இருக்குன்னா நான் சிஸ்டர்கிட்டச் சொல்லுவேன்.”

“அப்ப இங்க வச்சு வாசிச்சா சரிப்படாது. வீட்டு வாசல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வா.”

கல்லறைத் தோட்டம் கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தது. மணி நான்கு. காற்று இருந்தது. தொம்மை ஒரு கல்லறைக்குப் பக்கத்தில், குழி இருப்பதுபோல நினைத்துக்கொண்டு, காலை அகட்டி நின்றார்.

முதல் பக்கத்தை வாசித்தார். குரல் நன்றாக ஓடியது.

“நல்லா இருக்குடே” என்றார். “கைய பிடிச்சு இழுத்துட்டுப் போவுது.”

சந்தியாகு தரையைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாம் பக்கத்தில் வேகம் குறைந்தது. மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல. படகுல நின்னுக்கிட்டு வாசிக்க மாதிரி இருக்கு. எல்லாம் ஒரே பக்கமாச் சாயுதுல்லா. காலை எங்க ஊணுறதுன்னு தெரியல.”

“பழகிரும்.”

“பழகிரும், பழகிரும்” என்று தொம்மை மறுபடி ஆரம்பித்தார். “ஆண்டவரே, உம்மிடம் திரும்பி வந்த உம் பிள்ளை பெயர் அவர்களைக் கைநீட்டி ஏற்றுக்கொள்ளும். கடலின் ஆழத்தையும்…”

நிறுத்தினார்.

தாளைக் கீழே இறக்கினார்.

“வாசிச்சுட்டேனா?” என்றார்.

“என்னத்த?”

“‘பெயர்’னு.”

சந்தியாகு தாளைப் பார்த்தான். இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அது. அந்த இடத்தைக் காட்ட ‘பெயர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அவன் எழுத்தில் அந்தச் சொல் முன்னால் வந்ததோடும் பின்னால் வந்ததோடும் சேர்ந்து அழகாக ஓடியது.

“ஆமா” என்றான்.

தொம்மை கல்லறை மேடையில் உட்கார்ந்தார்.

“இது ரெண்டாந்தடவை” என்றார்.

*

“கயித்தான் மேஸ்திரி அடக்கத்தன்னைக்கு நீ ஊர்ல இல்ல.”

“இல்ல. ராமேஸ்வரத்துல படகு எழுதப் போயிருந்தேன்.”

“அன்னைக்குச் சாமியும் இல்ல. நான்தான். அப்பத்தான் ஒரு கையேடு புதுசா வந்திருந்துச்சு. நல்ல அச்சு. தெளிஞ்ச தண்ணி மாதிரி. எங்கயும் தட்டாம வாசிச்சுக்கிட்டே போனேன். ‘உம் பிள்ளை பெயர் அவர்களை’ன்னு வாசிச்சுட்டேன். வாசிச்சது எனக்கே தெரியாது.”

“யாரும் சொல்லலயா?”

“செத்த வீட்டுல யாருடே சொல்லுவா. மண்ணு போட்டு முடிச்சப்பறம் அவன் பொஞ்சாதி மரியஞானம் பக்கத்துல வந்தா. ‘எங்க வீட்டுக்காரருக்குப் பேரு கெடையாதா, உபதேசியாரே’ன்னா.”



அந்தக் கரையில் நிற்கும் படகுகளில் பாதி கயித்தான் மேஸ்திரி கட்டியவை. ஒவ்வொன்றையும் கட்டி முடித்ததும் சந்தியாகுவுக்கு ஆள் விடுவார். அவன் பெயர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பெயர் காயாமல் படகைத் தண்ணீரில் இறக்க விடமாட்டார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல?”

“மறுபடி ஒருக்க வாசிச்சிருக்கலாமே.”

“மண்ணு போட்டாச்சே” என்றார் தொம்மை.

காற்றில் தாள் படபடத்தது. அவர் அதை மடித்துச் சந்தியாகுவிடம் கொடுத்தார்.

“அன்னையிலயிருந்து பேரைத் துண்டுக் காயிதத்துல எழுதி வாங்கி, கையில வச்சுக்கிடுதேன். இன்னைக்குத் துண்டுக் காயிதம் இல்ல. பாத்தியா.”

“அந்தக் கையேடு இருக்கா?”

“வீட்டுல கெடக்கும். எடுத்துட்டுப் போ. எனக்கு வேண்டாம்.”

*

சந்தியாகு பழைய கையேட்டைச் சிஸ்டரின் மேசையில் வைத்தான்.

சிஸ்டர் அதைப் பார்த்தார். தொடவில்லை.

“நல்ல பக்கம்” என்றான் சந்தியாகு. “எங்கயும் கண்ணு தட்டல.”

“நான் கோத்த பக்கம்” என்றார் சிஸ்டர். “அடைப்புக்குறியெல்லாம் முள்ளு முள்ளா இருந்துச்சு. எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்த சாய்ந்த எழுத்து ஏணி மாதிரி இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன். எல்லாத்தையும் ஒரே எழுத்துல கோத்தேன்.”

“கடைசிப் பக்கத்துல உங்க பேரு இருக்கு.”

“ஆமா. அது இருக்கு.”

வெளியே யாரோ மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“தொம்மையண்ணாச்சிக்குத் தெரியுமா?”

“சொன்னேன். அவர் நம்பலை. ‘வாசிச்சவன் நான்தான சிஸ்டர்’ன்னாரு.”

“மரியஞானத்துக்கு?”

“மாசம் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போறேன். கதவைத் திறப்பாங்க. உட்காரச் சொல்ல மாட்டாங்க.”

“மன்னிப்புக் கேட்டீங்களா?”

“முதல் மாசமே.”

“பெறகும் எதுக்குப் போறீங்க?”

சிஸ்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். கையேட்டின் பக்கம் ஒன்று திறந்திருந்தது. ஜெபங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்தார். பக்கம் வெறுமையானது. அங்கங்கே நான்கு குறிப்புகள் மட்டும் மிஞ்சின.

எழுந்து நிற்கவும்.

பெயர்.

சற்று நேரம் மௌனம்.

அமரவும்.

“இது போதும்” என்றார். “இதை மட்டும் வரைஞ்சு கொடுங்க.”

சந்தியாகு வெள்ளைத் தாளில் மிதந்த அந்தச் சொற்களை நெடுநேரம் பார்த்தான்.

“‘பெயர்’ங்கிறத மட்டும் தடிமனாப் போட்டுட்டா என்ன? இல்லாட்டா செவப்புல. வாசிக்கவன் கண்ணுல படும்ல.”

“கதவுல பெருசா ‘தொடாதே’ன்னு எழுதி வச்சா நீங்க என்ன செய்வீங்க?”

“தொட்டுப் பாப்பேன்.”

சிஸ்டர் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

*

அவன் தடித்த இடங்களைக் குறைத்தான்.

கொண்டுவந்து காட்டினான். சிஸ்டர் தாளை ஜெபத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவன் மேலும் குறைத்தான். சாய்வை எட்டிலிருந்து ஆறுக்குக் கொண்டுவந்தான். மறுபடி எட்டாக்கினான்.

சிஸ்டர் திருப்பிக் கொடுத்தார்.

“இதுக்கு மேல மெலிஞ்சா அச்சுல விழாது, சிஸ்டர்.”

“விழுற அளவுக்கு.”

புதன்கிழமை முழுவதும் ஒரே சொல்லோடு இருந்தான். மற்ற எழுத்து அடுத்த எழுத்தை நோக்கிப் போனது. ‘பெயர்’ என்ற சொல்லில் மட்டும் கடைசி எழுத்தின் வாலை அடுத்ததை நோக்கி நீட்டாமல், கீழே இறக்கி, அங்கேயே விட்டான். இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளை வைத்தான். ஒரு மூச்சு அளவுக்கு.

வியாழக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு தொம்மை வீட்டுக்குப் போனான். நேர் எழுத்தில் ஜெபம். நடுவே அவன் சொல். வழியில்தான் கவனித்தான், அடைப்புக்குறி போட மறந்திருந்தான். திரும்பிப் போகத் தோன்றவில்லை.

“மறுபடியுமா?” என்றார் தொம்மை. “எனக்கு வேண்டாம்டே.”

“ஒரே ஒரு வரி.”

“துண்டுக் காயிதம் இருக்கா?”

“இல்ல.”

தொம்மை கண்ணாடியை மாட்டினார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல வாசித்தார்.

“ஆண்டவரே, உம்மிடம் திரும்பி வந்த உம் பிள்ளை…”

நின்றது.

கண்ணாடிக்கு மேலாகச் சந்தியாகுவைப் பார்த்தார்.

“யாரு?” என்றார்.

“என்ன யாரு?”

“செத்தது யாருடே? பேரச் சொல்லு.”

“யாரும் சாகல, அண்ணாச்சி.”

“அப்ப மேல எப்படி வாசிக்க?” என்று தாளை மடித்துக் கொடுத்தார்.

*

வெள்ளிக்கிழமை பிளேட் எடுத்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் பெயர் போட வேண்டும் என்றார் சிஸ்டர். எழுத்து, சந்தியாகு.

“உங்க பேரு?”

“இருக்கும்.”

“அப்ப என் பேரும் இருக்கட்டும். சின்னதா.”

“எந்த எழுத்துல?”



“நேர் எழுத்துலயே போடுங்க” என்றான்.

*

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் தோட்டம் முழுக்கச் சனமாக இருந்தது. சாமியார் நடுச் சிலுவைக்குப் பக்கத்தில் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அங்கேயும் இறந்தவர்கள் இருந்தார்கள்.

குடும்பங்கள் அவரவர் கல்லறையைச் சுற்றி இருந்தன. கழுவிய மேடைகள். செவ்வந்தி. மெழுகுவர்த்திகள் காற்றில் அணைந்துகொண்டும் ஏற்றப்பட்டுக்கொண்டும் இருந்தன. தொம்மை உபதேசியார் கேட்டவர்களுக்குக் கல்லறை கல்லறையாகப் போய் ஜெபம் சொன்னார். புதுக் கையேட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கூடவே சந்தியாகு போனான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

கயித்தான் மேஸ்திரியின் கல்லறை சுவர் ஓரமாக இருந்தது. சிலுவையில் பெயர் எழுதியது சந்தியாகுதான். நீல எனாமலில் தடித்த எழுத்து. வாசலிலிருந்தே தெரியும்.

மரியஞானம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூக்கூடை. இரண்டடி தள்ளி, சுவரை ஒட்டிச் சிஸ்டர் ஜெசிந்தா நின்றார். வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். அவர் கையிலிருந்த மெழுகுவர்த்தி பாதி கரைந்திருந்தது.

தொம்மை கொஞ்சம் தயங்கினார்.

“மரியஞானம். வாசிக்கட்டுமா?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உங்க வேல. வாசிங்க.”

தொம்மை கையேட்டைத் திறந்தார். சட்டைப் பையில் கையை விட்டார். துண்டுக் காகிதத்தைத் தேடினார். பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

“ஆண்டவரே, உம்மிடம் திரும்பி வந்த உம் பிள்ளை…”

நின்றது.

அவர் கண் அந்த இடத்தில் இருந்தது. பக்கத்துக் கல்லறையில் யாரோ குழந்தையை அதட்டினார்கள். கடல் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்டது.

“கயித்தான்” என்றார் தொம்மை.

பிறகு, அவசரமில்லாமல், “அவர்களைக் கைநீட்டி ஏற்றுக்கொள்ளும். கடலின் ஆழத்தையும் கரையின் நீளத்தையும் அறிந்தவரே, அவர் செய்த படகுகள் மிதப்பதுபோல அவரும்…”

அது புத்தகத்தில் இல்லாத வரி. சந்தியாகு அதைக் கவனித்தான். சிஸ்டரும் கவனித்திருப்பார்.

மரியஞானம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தொம்மை ஜெபத்தை முடித்துவிட்டு வாயை மூடினார். மௌனத்துக்கான இடம் வந்திருந்தது. அவர் பார்வை இன்னும் பக்கத்தின் மேலேயே இருந்தது.

காற்று ஒரு தாளைத் தூக்கியது. அவர் ஒரு கையால் புத்தகத்தையும் மறுகையால் கண்ணாடியையும் பிடித்திருந்தார். தாள் பாதி புரண்டு நின்றது.

சந்தியாகு பக்கத்தில் வந்து கட்டைவிரலால் தாளை அழுத்திப் பிடித்தான். கீழே அடுத்த ஜெபம் நேர் எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது. விரல் அதற்கு முந்தைய மெல்லிய வரியின் மேல் இருந்தது. அமரவும் என்ற சொல் விரலுக்கு அடியில் முழுசாக மறைந்துபோனது.

தொம்மை வாசிக்கத் தொடங்கினார்.

மரியஞானம் சிஸ்டர் நின்ற பக்கமாக மேடையிலிருந்த பூக்கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே ஓர் ஆள் உட்கார இடம் விழுந்தது.